ஆரஞ்சு நிற டான்சில்

அன்புள்ள ஐயா,

ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு 31 என்று வந்திருக்கிறது. 40க்கு மேல் வேண்டுமாம். கெட்ட கொழுப்பைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். நல்ல கொழுப்பை ஏற்ற ஏன் தருவதில்லை? அது செல்லுக்குள் இருக்கும் கொழுப்பை எப்படித்தான் எடுக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது எடுப்பதைவிட, செல் எடுத்துக் கொடுப்பதுதான் அதிகம். கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க நம் செல்களால் முடியாது. மிஞ்சியதை வெளியே தள்ளியாக வேண்டும். கொலஸ்ட்ரால் கூடும்போது அதில் கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்து ஆக்சிஸ்டெராலாக மாறி, உட்கருவில் உள்ள எல்எக்ஸ்ஆர் என்ற புரதத்தில் ஒட்டும். உடனே ஏபிசிஏ1 மரபணு முடுக்கப்படும். அதிலிருந்து வரும் புரதம் செல்லின் சவ்வில் உட்கார்ந்து, வெளியே வெறுங்கையோடு வரும் ஏபோஏ1 புரதத்திடம் கொழுப்பை ஏற்றிவிடும். எச்டிஎல் பிறப்பது அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஏபோஏ1 சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. அது வந்து ஒட்டியதும் செல்லுக்குள் ஜேஏகே2 போன்ற சமிக்ஞைகள் கிளம்பும். ஏபிசிஏ1ஐ வெட்டிப்போடும் கால்பெயின் நொதியின் வேலையும் தடைபடும். வாங்க ஆள் வந்தால் ஏபிசிஏ1 என்ற கதவு நீடிக்கும்.

அந்தக் கதவே பழுதானால்? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்றொரு குட்டித் தீவு. 1960 வாக்கில் அங்கிருந்த 5 வயதுப் பையனின் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. உள்ளே கொலஸ்ட்ரால் அடைத்த செல்கள். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் டொனால்ட் ஃபிரெட்ரிக்சனின் குழு பார்த்தபோது, பையனுக்கும் அவன் சகோதரிக்கும் ரத்தத்தில் எச்டிஎல் அநேகமாக இல்லை. பழுது ஏபிசிஏ1இல் என்று தெரியவர 1999 ஆயிற்று. சரக்கு ஏறாத ஏபோஏ1 ரத்தத்தில் தங்காமல் சீக்கிரமே அழிந்துவிடுகிறது. எச்டிஎல் இல்லாமல் போனது அதனால்தான்.

சரி, மாத்திரை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதம் வரை ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, எனவே முழுப் பழியையும் எச்டிஎல் மேல் போட முடியாது. ஆனாலும் எண் ஏறினால் போதும் என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. எல்எக்ஸ்ஆரை நேரடியாகத் தூண்டிப் பார்த்தபோதோ கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. அதே புரதம் கொழுப்பு உற்பத்தியையும் முடுக்கிவிடுகிறது.

ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் இறங்குவது வழக்கம். அந்த எண்ணை நீங்கள் எழுதவில்லையே. அதையும் சர்க்கரை அளவையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.