டேசர் பட்டதும் உடல் ஏன் மரக்கட்டையாகிறது?

டேசர் என்பது அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் போலீசார் வைத்திருக்கும் மின்னதிர்ச்சித் துப்பாக்கி. விசையை அழுத்தினால் மெல்லிய கம்பியோடு இரண்டு முட்கள் பாய்ந்து சட்டையிலோ தோலிலோ குத்தி நிற்கும். எக்ஸ்26 என்ற மாதிரியில் நொடிக்கு ஏறத்தாழ 19 மின்துடிப்புகள். ஒருமுறை அழுத்தினால் 5 நொடி ஓடும்.

மூளை தசைக்கு இடும் கட்டளையும் நரம்பு வழியே போகும் சிறு மின்துடிப்புதான். டேசர் அந்த நரம்புகளையே தூண்டிவிடுவதால் தசைகள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. திருவிழா ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாது அல்லவா? மூளையின் குரலும் அப்படித்தான் அமுங்கிப்போகிறது. முட்கள் நெருக்கமாகக் குத்தினால் பெரும்பாலும் வலி மட்டுமே. இடைவெளி கூடக்கூடத்தான் அதிகத் தசைகள் பிடிபடும்.

எனக்குப் பெரிய கவலை, விழுவதுதான். கையூன்ற முடியாமல் தலை நேரே தரையில் மோதும். திரும்பத் திரும்பச் செலுத்தினால் ஆபத்து இன்னும் கூடும். 2007இல் வான்கூவர் விமான நிலையத்தில் பலமுறை டேசர் செலுத்தப்பட்ட போலந்து நாட்டவர் ஒருவர் அங்கேயே இறந்தார்.

50,000 வோல்ட் என்றதும் உடல் கருகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த மின்னழுத்தம் துணி, காற்று இடைவெளியைத் தாண்டத்தான், உடலில் ஓடும் சராசரி மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர் மட்டுமே.