எட்டுப் போன் செத்தால் எக்ஸ்சேஞ்சே செத்துவிட்டதா?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளராக இருக்கிறேன். எங்கள் கந்தோரில் பன்னிரண்டு வருடப் பழைய டிஜிட்டல் பி.ஏ.பி.எக்ஸ் ஒன்று உண்டு, அதாவது கந்தோருக்குள்ளேயே இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. வெளி லைன் 4, உள்ளே 24 போன். போன கிழமை பின்னேரம் இடி விழுந்தது. அதிலிருந்து எட்டுப் போன்களில் சத்தமே இல்லை. வெளி லைன் நாலில் இரண்டும் போய்விட்டன. போனவை எல்லாம் வரிசையான இலக்கங்களும் அல்ல: 203, 207, 211, 212, 218, 221, 225, 230. பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றினார், பெட்டியை ஒருதரம் அணைத்துப் பார்த்தார். அணைத்த பிறகும் காவலாளியின் போனில் மட்டும் டயல் டோன் வந்தது. “எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோச்சு, மதர்போர்ட் எரிஞ்சிட்டு, கம்பியூட்டர் நெட்வேர்க்கில ஓடுற புது ஐ.பி. சிஸ்டம் போடுங்க, ஆறரை இலட்சம்” என்றார். பழைய பெட்டியைத் தானே இலவசமாக அகற்றித் தருவாராம். வெள்ளிக்கிழமை பணிப்பாளர் சபை கூடுகிறது. என்ன சொல்ல?

பதில்: முதலில் ஒன்று. மிச்சம் பதினாறு போன்களும் தங்களுக்குள் கதைக்கின்றனவா? கதைக்கின்றன என்றால் உங்கள் மதர்போர்ட் எரியவில்லை. அது எரிந்திருந்தால் ஒரு போன்கூட வேலை செய்யாது. மேசையில் திரை வைத்த போன் இருக்குமே, அதில் திகதியும் நேரமும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பெட்டியின் மூளையும் உயிரோடு இருக்கிறது, அதற்குச் சாப்பாடு போடும் பவர் சப்ளையும் உயிரோடு இருக்கிறது.

சுவரில் தொங்கும் அந்தப் பெட்டியை ஒரே பொருள் என்று நினைத்தால் இப்படித்தான் ஏமாற நேரும். அது ஒரு புத்தக அலுமாரி மாதிரி. பின்பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு கார்ட் நிற்கும். ஒன்று மூளைக் கார்ட், வந்தவர் மதர்போர்ட் என்றது இதைத்தான். ஒன்றோ இரண்டோ வெளி லைனுக்கானவை. மற்றவை உங்கள் உள் போன்களுக்கு. ஒரு கார்டில் நாலு, எட்டு, பதினாறு என்று கணக்காகத்தான் போன் ஏறும். எட்டுப் போன் ஒரே நொடியில் போனால் எனக்குச் சந்தேகம் போவது எட்டுப் போர்ட், அதாவது போன் கம்பி ஏறும் எட்டு வாய், உள்ள ஒரு கார்டின் மேல். இரண்டு லைன் போனது இன்னொரு கார்டில் இரண்டு போர்ட். அவ்வளவுதான்.

“அப்படியென்றால் 203, 207 என்று ஏன் சிதறிக் கிடக்கிறது?” என்றுதானே கேட்பீர்கள். வந்தவர் உங்களைப் பயமுறுத்தியதும் இதைக் காட்டித்தானே. விசயம் இங்கேதான் இருக்கிறது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் இலக்கம் என்பது கம்பியில் இல்லை. மூளைக் கார்டின் நினைவில் ஒரு பட்டியலாக இருக்கிறது: இத்தனையாம் குழி, இத்தனையாம் போர்ட், அதற்குப் பெயர் 207. நாளைக்கு அதே போர்ட்டுக்கு 318 என்று பெயர் வைத்தாலும் கம்பிக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் உங்கள் கந்தோரில் எத்தனை பேர் மேசை மாறியிருப்பார்கள், எத்தனை தரம் “சேர் என்ர பழைய நம்பர்தான் வேணும்” என்று கேட்டிருப்பார்கள்! ஒவ்வொரு தரமும் பட்டியல் கலைந்திருக்கும். இலக்கம் சிதறியிருப்பது பழுதுக்குச் சாட்சி அல்ல.

குரலும் அப்படித்தான் போகிறது. நீங்கள் கதைப்பதைக் கார்ட் (திரை வைத்த போன் என்றால் போனே) ஒரு நொடிக்கு 8,000 தரம் அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக்கி, பின்பலகையில் ஏற்றிவிடுகிறது. ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட். கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் உங்களுக்கென்று ஓர் இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பஸ் நொடிக்கு 8,000 தரம் ஓடுகிறது. யாருடைய இருக்கையில் இருப்பதை யாருடைய காதில் இறக்குவது என்று சொல்வது மட்டுமே மூளைக் கார்டின் வேலை. ஆகவே ஒரு கார்ட் செத்தால் எட்டு இருக்கை காலி. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனிக் காவலாளியின் போன். பெட்டியை அணைத்தபோதும் அதில் டயல் டோன் வந்ததைப் ‘கலந்துபோச்சு’ என்று சொன்னவர் ஒன்றில் தொழில் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தவர். அது பழுதல்ல, வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு. கரண்ட் போனால் கந்தோர் முழுதும் ஊமையாகிவிடக் கூடாதே. அதனால் வெளி லைன் கார்டில் ஒரு சின்ன ரிலே, அதாவது மின்காந்தத்தால் நகரும் சுவிட்ச், இருக்கும். கரண்ட் உள்ளவரை அந்த ரிலே காந்தம் பிடித்து ஒரு பக்கம் நிற்கும். கரண்ட் போனதும் ‘டிக்’ என்று விழுந்து, முதலாவது வெளி லைனைக் குறிப்பிட்ட ஒரு போனோடு நேராகவே கோத்துவிடும். நடுவில் டிஜிட்டலும் இல்லை, மூளையும் இல்லை, வெறும் செம்பு. பெட்டியைப் பொருத்தியவர் புத்தியோடு அதைக் காவலாளிக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த வசதி திரை வைத்த டிஜிட்டல் போனுக்கு வராது, சாதாரணப் போனுக்கு மட்டும். அப்புறம் இன்னொன்று: உங்கள் முதலாவது லைன் இப்போது ஃபைபரில் வருகிறது என்றால், ஃபைபர் கொண்டுவரும் அந்தச் சின்னப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். ஊரே இருட்டானால் அதுவும் அணைந்துவிடும், ரிலே விழுந்தும் பயனில்லை. செம்பு லைன் இருந்த காலத்தில் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தது, நமக்குக் கவலை இல்லை. ஃபைபருக்கு மாறும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு பற்றரி வையுங்கள்.

சரி, உங்கள் சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ள ஒரு சாதாரணப் போனும் ஒரு பென்சிலும் போதும். பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் இன்னொரு சட்டகம் இருக்கும், வெள்ளை பிளாஸ்டிக் வரிசைகளில் நிறைய மெல்லிய கம்பி செருகி. எங்கள் ஆட்கள் எம்.டி.எஃப் என்பார்கள், சிலர் அந்த வரிசைகளை குரோன் என்பார்கள். ஒரு பக்கம் பெட்டியிலிருந்து வருவது, மறுபக்கம் மேசைகளுக்குப் போவது, நடுவில் இரண்டையும் இணைக்கும் கம்பிச் சோடிகள். செத்த எட்டுப் போன்களின் சோடிகளையும் பெட்டிப் பக்கம் வரை விரலால் பின்தொடர்ந்து போய்ப் பென்சிலால் குறி வையுங்கள். எட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒரு கார்ட். மேசை இலக்கம் எப்படி இருந்தாலும் சரி.

பிறகு 207 இன் மேசைச் சோடியைக் கழற்றி, வேலை செய்யும் ஒரு சாதாரணப் போனின் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். டயல் டோன் வந்தால் 207 இன் போனும் நல்லது, கம்பியும் நல்லது, போர்ட்தான் போய்விட்டது. அந்த நேரம் அது வேறு இலக்கத்தில் ஒலிக்கும், பயப்பட வேண்டாம். திரை வைத்த போனின் போர்ட்டில் சாதாரணப் போனை மாட்டிவிட்டு ‘இதுவும் போச்சு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது வேறு பாசை. வெறும் விரலால் கம்பியைப் பிடித்திருக்கும்போது யாராவது அழைத்தால் 75 வோல்ட் அளவில் மணி மின்சாரம் வந்து சுண்டும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் ஏணியிலிருந்து விழுத்தும்.

வெளி லைன் இரண்டுக்கும் இதே வழி. கம்பனியின் கம்பி வந்து சேரும் இடத்தில், பெட்டியைத் தொடாமல், சாதாரணப் போனை நேராக மாட்டுங்கள். டோன் வந்தால் பழுது உங்கள் கார்டில். வராவிட்டால் பழுது அவர்களுடையது. இதைச் செய்யாமல் முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: லைன்காரர் வந்து ‘உங்கள் பெட்டி’ என்பார், பெட்டிக்காரர் வந்து ‘அவர்கள் லைன்’ என்பார், இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள், நீங்கள் கைபேசியில் அலுவல் பார்ப்பீர்கள். இப்படி இரண்டு மாதம் ஓடிய கந்தோரை நான் பார்த்திருக்கிறேன்.

கார்டைக் கழற்றுவதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். செய்ய வருபவரிடமும் ஒரு நிபந்தனை போடுங்கள்: பெட்டியை அணைப்பதற்கு முன் உங்கள் கண் முன்னே புரோகிராமை ஒரு லப்டொப்பில் பிரதி எடுக்க வேண்டும், பிரதி ஒன்று உங்கள் கையிலும் இருக்க வேண்டும். மூளைக் கார்டில் ஒரு காசளவு லித்தியம் பற்றரி இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் அது தீர்ந்திருக்கலாம். நீண்ட நேரம் அணைத்து வைத்தால் சில பெட்டிகளில் முழுப் பட்டியலும் அழிந்துவிடும். அதைவிடப் பொல்லாதது அதே கார்டில் உள்ள ஒரு சின்னச் சுவிட்ச். அதைத் தள்ளி ரீசெட் அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையில் இருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய்விடும். ‘பார்த்தீர்களா, எல்லாம் போச்சு’ என்று சொல்ல இதைவிடச் சுலபமான வித்தை இல்லை. ஒரு நகக்கீறல் போதும்! இந்தக் கை வேலைக்குப் பிறகு அழைக்கப்பட்டு, உயிரோடு இருந்த பெட்டிக்கு இரவிரவாக இலக்கம் ஏற்றிய அனுபவம் எனக்கு ஒருமுறை அல்ல. மூளைக் கார்டில் செருகியிருக்கும் எஸ்.டி. கார்டையும் எண்ணிப் பாருங்கள், வரும்போது இருந்தது போகும்போதும் இருக்க வேண்டும். சில வகைப் பெட்டி அது இல்லாமல் எழும்பவே எழும்பாது. புரோகிராம் கடவுச்சொல்லும் சங்கத்தின் சொத்து. ‘அது எங்களிடம் இருக்கட்டும்’ என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இலவசமாக அகற்றித் தருகிறேன் என்ற தாராளம்: பழைய பெட்டிக்குள் நல்ல மூளைக் கார்ட், நல்ல பவர் சப்ளை, இன்னும் பதினாறு போனுக்கு உயிருள்ள கார்டுகள் இருக்கின்றன. அவை அக்கரைப்பற்றிலோ வேறெங்கோ உங்களைப் போல ஒருவருக்கு நல்ல விலைக்குப் போகும். உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு கார்டும் இப்படி எங்கோ கழற்றியதாகத்தான் கிடைக்கும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பழைய வகைக்குப் புதுக் கார்ட் தேடினால் கிடைப்பது அரிது. கார்டின் ஓரத்தில் அச்சிட்ட வகை இலக்கத்தை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள், ‘இதேமாதிரி’ என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். எட்டுப் போர்ட்டும் வேலை செய்வதைப் பார்த்த பிறகே காசு.

கடைசியில் இடியின் கதை. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கத்தில் பின்னேர இடி புதிதல்ல, அடுத்த வருடமும் விழும். அது கரண்ட் வழியாக மட்டும் வருவதில்லை. உங்கள் எட்டில் ஏதாவது ஒன்று வேறு கட்டடத்துக்கு, களஞ்சியத்துக்கோ நெல் ஸ்டோருக்கோ, வெட்டவெளியில் கம்பி இழுத்த போனா? பெரும்பாலும் கள்ளன் அவன்தான். ஒரு சோடியில் வந்த அடி கார்டின் பொதுச் சுற்றை எரித்து மற்ற ஏழையும் கூட்டிக்கொண்டு போகும். வெளி லைன்களுக்கு, இடி அடியை நிலத்துக்கு இறக்கும் வாயுக் குழாய்ப் பாதுகாப்பு மாட்டுவார்கள், முற்றத்தைத் தாண்டும் உள் லைனுக்கு மாட்ட மறந்துவிடுவார்கள். மாட்டினாலும் ஏர்த் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஒரு கந்தோரில் எம்.டி.எஃப்பிலிருந்து வந்த பச்சை ஏர்த் கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். அது யன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே அழகாக பெயின்ட் அடித்து முடிந்திருந்தது. நமது கரையோர மணலில் ஏர்த் குச்சி அடித்தாலும் கோடையில் மண் காய்ந்து ஏர்த் பிடிக்காது, உப்புக் காற்று கிளிப்பைத் தின்றுவிடும். மின்சார ஏர்த்தும் டெலிபோன் ஏர்த்தும் தனித்தனியாக இருக்கவே கூடாது, ஒன்றாகக் கட்டப்பட வேண்டும். புது ஐ.பி. சிஸ்டம் போட்டாலும் இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஐப்பசியில் அதுவும் இதே வழியில் போகும், இம்முறை ஆறரை இலட்சத்தோடு.

ஐ.பி. கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒருநாள் மாறத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆறரைக்குள் ஒவ்வொரு மேசைக்கும் நெட்வேர்க் கம்பி, போன்களுக்குக் கரண்ட் ஊட்டும் சுவிட்ச், யு.பி.எஸ் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இராது.

சபையில் உங்களை மடக்கப் போவது இதுதான்: புதுப் பெட்டிக்கு மூன்று விலைமனு ஒரு நாளில் வந்துவிடும், சில நேரம் மூன்றும் ஒரே ஆளின் மூன்று கடிதத்தலைப்பில். ஒரு பழைய கார்டுக்கு மூன்று விலைமனு எங்கே எடுப்பது? மூன்று விலைமனு வேண்டும் என்ற விதியை எழுதியவர்களுக்குத் திருத்துவது என்ற சொல்லே தெரியாது போலும். ஆகவே புதுசு வாங்கினால் கணக்காய்வு கேள்வி கேட்காது, திருத்திக் காசு மிச்சம் பிடித்தால் கேட்கும். இப்படித்தான் ஒவ்வொரு கந்தோரின் பின்னறையிலும் நல்ல பெட்டி தூசி பிடித்துக் கிடக்கிறது. நீங்கள் ‘கொள்வனவு’ என்று போடாமல் ‘பழுதறிதலும் திருத்தமும்’ என்று தலைப்பிட்டு, பென்சில் குறி வைத்த எம்.டி.எஃப்பைக் கைபேசியில் படம் எடுத்து இணைத்துச் சபைக்குக் கொடுங்கள்.

வியாழன் பின்னேரத்துக்குள் அந்த எட்டுச் சோடியையும் எண்ணிவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் கார்டின் வகை இலக்கத்தை எனக்கு எழுதுங்கள். சிதறி நின்றால் அதையும் எழுதுங்கள், அப்போது நான் சொன்னது பிழை, வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டில் எது என்றாலும் பெட்டி சுவரிலேயே இருக்கட்டும்.