தச்சர் அப்பாவைப் பற்றி எழுதுவது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தச்சர். சென்ற ஆண்டு காலமானார். வீட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி, சிறு நூலாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். வந்த கட்டுரைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. பாசமானவர், உழைப்பாளி, யாரிடமும் கடன் வைக்காதவர். எல்லாம் உண்மைதான், ஆனால் அதில் அப்பாவைக் காணோம். “காலையில் வேலைக்குப் போனார், சாயங்காலம் வந்தார். இதில் எழுத என்ன இருக்கிறது?” என்கிறார் அண்ணன். அப்பா அதிகம் பேசவும் மாட்டார். உளியைத் தொட்டால் மட்டும் சத்தம் போடுவார். நான் வளர வளர என் படிப்பு மேசையின் கால்களை உயர்த்திக் கொடுத்தது நினைவிருக்கிறது. அவருடைய கருவிகளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மேசையிலிருந்தே தொடங்குங்கள். ஒரே வரியில் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. அடியில் ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தால் கால் உயரும், ஆனால் சீக்கிரமே ஆடத் தொடங்கிவிடும். உறுதியாக நிற்க வேண்டுமென்றால் ஒன்றில் துளையும் மற்றதில் அதற்கேற்ற நாக்குமாக வெட்டி இறுக்க வேண்டும், நாலு காலும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். அதை ஒவ்வொரு முறையும், வெளிவேலை முடித்து வந்த பிறகு செய்திருக்கிறார். மேசை இன்னும் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். எங்கெங்கே ஒட்டு இருக்கிறது, எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். எந்த வயதில் நீங்கள் எவ்வளவு உயரம் என்பதை அந்தக் கால்களே சொல்லும். ‘பாசமானவர்’ என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். எழுத ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றுவதற்குக் காரணமே அப்பாவின் வேலைத்திறன்தான். மரம் வெட்டிய பிறகும் அசையும். ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். மரத்தின் ரேகை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். இது தெரிந்த தச்சர், கதவுச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டமாட்டார். அது உப்பவும் சுருங்கவும் இடம் விட்டுத்தான் நிறுத்துவார். சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளப்பார். அளவு ஒத்துப்போகாவிட்டால் பிரித்து மறுபடி சேர்ப்பார். இவ்வளவும் செய்தால் கிடைப்பது என்ன? மழைக்காலத்தில் கதவு பிடிக்காது, பலகை வெடிக்காது. ஒன்றுமே நடக்காது. நடக்காததை யாரும் கதையாகச் சொல்வதில்லை. வரப்போகும் கோளாறை முன்கூட்டியே தடுத்துவிட்ட மனிதர் அவர். வீட்டு விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்: எதையெல்லாம் பற்றி நாம் கவலைப்படாமலே வளர்ந்தோம்?

ஜான் ஹாரிசன் (1693–1776) என்ற ஆங்கிலேயத் தச்சர் நினைவுக்கு வருகிறார். கடலில் நேரம் காட்டும் கடிகாரத்தைச் செய்து உலகப் புகழ் பெற்றவர். எனக்குப் பிடித்தது அவர் அதற்கு முன்பு, 1722-ஐ ஒட்டி, பிராக்கில்ஸ்பி பார்க் என்ற இடத்தில் அமைத்த மரக் கடிகாரம். அன்றைய கடிகார எண்ணெய் நாளாக ஆகக் கெட்டியாகி ஓட்டத்தைக் கெடுத்தது. இவர் உரசும் பாகங்களுக்குத் தானே எண்ணெய் கசியும் மரத்தைத் தேடிப் போட்டார். எண்ணெய் விடவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. 1761-ல் அவருடைய கடல் கடிகாரத்தைச் சோதிக்க ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறியது யார் தெரியுமா? அவர் மகன் வில்லியம். தகப்பனுக்கு வயதாகிவிட்டது, அந்த வேலையை மகன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். நீங்கள் நூல் போட நினைப்பதும் அதே மனசுதான்.

அந்தச் சத்தம் போட்டதையும் கட்டாயம் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். உளியால் டப்பா மூடியை நெம்பினால் விளிம்பு பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். மறுபடி சாணை பிடித்துத் தீட்டிக் கூராக்கி எடுப்பதற்குள் நல்ல வேலைநேரம் போய்விடும். நன்றாகத் தீட்டிய உளி குழந்தையின் விரலையும் கேட்காமல் வெட்டும். அவர் எதற்காகக் கத்தினார் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியுமா? எனக்கு முடியும் என்று தோன்றவில்லை.

கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள். துரு பிடிக்காமல் லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். வேலை செய்ய ஆசைப்படும் பேரனோ பேத்தியோ இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொழில் கற்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்பி வைத்து, “இதை அப்பா எப்படிப் பிடிப்பார்?” என்று கேளுங்கள். “உங்க அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் அவரும் உழைப்பாளி என்றுதான் சொல்வார். கருவி கையில் இருந்தால் வேறு மாதிரிப் பேசுவார். தீட்டித் தீட்டிக் குட்டையான உளி எது, அது எந்த வேலைக்கு என்று அவருக்குத் தெரியும். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் வயதானவர் என்றால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய் வாருங்கள்.