இத்தாலியில் ஒளிப்பதிவாளரை அமர்த்தும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணன் மகளின் திருமணம் வரும் ஜூன் மாதம் கோமோ ஏரிக்கரையில் உள்ள ஒரு வில்லாவில் நம் முறைப்படி நடக்கவிருக்கிறது. எங்களுக்குப் பழக்கமான ஒளிப்பதிவாளரை இங்கிருந்தே அழைத்துச் செல்வதா, அங்குள்ளவரை அமர்த்துவதா என்று வீட்டில் இரண்டு கருத்து. அங்குள்ளவர் என்றால் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: இங்கிருந்து ஒருவரை அழைத்துச் செல்வது முடியாத காரியமல்ல. ஆனால் விருந்தினராகச் செல்வதற்கான விசாவும் ஊதியம் பெற்று வேலை செய்வதற்கான அனுமதியும் வேறு வேறு என்பதை முதலில் நினைவில் வையுங்கள். கேமரா, லென்ஸ், விளக்கு ஆகியவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை வணிக, தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. இந்த ஏற்பாடுகளுக்கு வேண்டிய காலம் உங்கள் கையில் இல்லையென்றால் அங்குள்ளவரை அமர்த்துவதே நல்லது என்பது என் கருத்து. 2018 நவம்பரில் தீபிகா படுகோன் – ரன்வீர் சிங் திருமணம் இதே ஏரிக்கரையில் உள்ள வில்லா தெல் பால்பியானெல்லோவில் நடந்தது. அந்த வட்டாரத்தில் வெளிநாட்டுத் திருமணங்களைப் படமெடுத்துப் பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அங்கே இவர்களை ‘வீடியோமேக்கர்’ என்றே அழைப்பார்கள். அந்தச் சொல்லை வைத்துத் தேடுங்கள்.

தேடிப் பிடித்தவரிடம் மூன்று நிமிட முன்னோட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். இசையோடு வெட்டி ஒட்டிய முன்னோட்டம் யாருடையதாக இருந்தாலும் அழகாகவே இருக்கும். ஒரே திருமணத்தின் முழுப் படத்தைக் கேட்டு வாங்கி, சடங்கின் இருபது நிமிடங்களை ஒலியோடு பாருங்கள். மந்திரமோ உறுதிமொழியோ தெளிவாகக் கேட்கிறதா, பேசுகிறவரின் முகத்தில் கேமரா நிலைத்து நிற்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்தப் படத்தை எடுத்தவரே உங்கள் திருமணத்துக்கும் வருவாரா என்று கேட்டு, வருபவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இத்தாலியத் திருமண ஒளிப்பதிவாளர்களில் பலர் ஒதுங்கி நின்று, யாரையும் தொந்தரவு செய்யாமல், தொலைவிலிருந்து படமெடுப்பதையே நற்பண்பாகக் கருதுகிறார்கள். தேவாலயத் திருமணத்தில் எல்லோரும் இருக்கையில் அமர்ந்திருப்பதால் அந்த முறை அங்கே பொருந்தும். நம் திருமணத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் உறவினர் எல்லோரும் எழுந்து அட்சதையோடு மணமக்களைச் சூழ்ந்துகொள்வார்கள். அந்த ஏரிக்கரையில் நான் உடனிருந்த ஒரு திருமணத்தில், மிகத் திறமையான குழுவினர் நீண்ட லென்ஸோடு தோட்டத்தின் மறுமுனையில் நின்றிருந்தார்கள். தாலி கட்டிய அந்த அரை நிமிடத்துக்கு அவர்களிடம் எஞ்சியது பட்டுப் புடவைகளின் முதுகுப் பக்கம் மட்டுமே. அந்தப் பெண்ணின் தாயார் படத்தைப் பார்த்துக் கலங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. பிழை அந்தக் குழுவினருடையதல்ல. அந்த மேளத்தின் பொருளை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே ‘ஸ்கலேத்தா’ ஒன்றை எழுதிக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலுக்கு அவர்கள் வழங்கும் சொல் அது. மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், கன்னிகாதானம், மாங்கல்ய தாரணம், அம்மி மிதித்தல் என ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு, மேடையின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டு, மேளம் வேகமெடுத்தால் ஒரு கேமரா மேடைக்குள்ளேயே, மணமக்களுக்கு இரண்டடி தொலைவில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உறவினரில் ஒருவர் நாள் முழுவதும் குழுவின் அருகிலேயே இருந்து, அடுத்து நடக்கவிருப்பதை ஐந்து நிமிடம் முன்னதாகச் சொல்லட்டும். ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் வில்லா நிர்வாகம் திறந்த நெருப்பை அனுமதிக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் மேடையின் இடமே மாறும், அதோடு கேமராக்களின் இடமும் மாறும்.

ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். காலை முகூர்த்தமும் இரவு விருந்தும் ஒரே நாளில் என்றால் அது பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை. பேசிய தொகை எத்தனை மணி நேரத்துக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கட்டும். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டிப் பல அலுவலகங்கள் வாரக்கணக்கில் மூடியிருக்கும் என்பதால், ஜூனில் எடுத்த படம் ஆகஸ்டில் கிடைக்கும் என்ற வாய்மொழியை நம்பாமல், ஒப்படைக்கும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒளிப்பதிவாளர் ‘காப்பார்ரா’ என்ற பெயரில் முன்பணம் கேட்கிறார். சாதாரண அட்வான்ஸிலிருந்து இது வேறா? – ஒரு வாசகர்

பதில்: வேறுதான், அந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். ‘அக்கோந்தோ’ என்றால் மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது, அவ்வளவே. ‘காப்பார்ரா கொன்ஃபெர்மாத்தோரியா’ என்பது இத்தாலிய உரிமையியல் சட்டத்தின் 1385ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட உறுதிப்பணம். கொடுத்தவர் ஒப்பந்தத்தை மீறினால் பெற்றவர் அதை வைத்துக்கொண்டு விலகலாம். பெற்றவர் மீறினால் கொடுத்தவர் விலகிக்கொண்டு, கொடுத்ததைப் போல இருமடங்கு கேட்கலாம். எனவே தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். திருமணத் தேதி மாறக்கூடும் என்ற ஐயம் இருந்தால், தேதி மாற்றத்தை விதிமீறலாகக் கொள்ளக் கூடாது என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். இத்தாலியில் 2023 ஜனவரி முதல் 5,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவதற்குத் தடை இருக்கிறது. அதைவிடச் சிறிய தொகையானாலும், ரசீதில்லாமல் கொடுத்த பணத்தைப் பின்னர் நிறுவுவது கடினம்.

கேள்வி: எங்கள் தோல் ஏற்றுமதி நிறுவனம் மிலான் அருகே ரோவில் நடக்கும் லீனியாபெல்லே கண்காட்சியில் அரங்கு அமைக்கிறது. அரங்கையும் வாடிக்கையாளர் பேட்டிகளையும் கொண்டு ஒரு நிறுவனப் படம் எடுக்க விரும்புகிறோம். வரி, உரிமை, அனுமதி ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? – ஒரு ஏற்றுமதியாளர்

பதில்: தொழில்முறையில் இயங்குபவரிடம் ‘பார்த்தீத்தா இவா’ என்ற பதினொரு இலக்க வரிப்பதிவு எண் இருக்கும். அது நடப்பில் உள்ளதா என்பதை இத்தாலிய வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். மதிப்புக் கூட்டு வரியான ‘இவா’ அங்கே பொதுவாக 22 விழுக்காடு. ஆனால் இத்தாலிக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்குச் செய்யும் இத்தகைய சேவைக்கு அந்த வரி பொதுவாகச் சேராது. தனிநபராக அமர்த்துபவருக்கே சேரும். ஆண்டு வருவாய் 85,000 யூரோவுக்கு உட்பட்ட சிறு தொழிலர்களுக்கான ‘ஃபோர்ஃபெத்தாரியோ’ முறையில் இருப்பவர் யாருக்குமே இவா போடுவதில்லை. விலைப்புள்ளியை, அதாவது ‘பிரெவெந்தீவோ’வை, உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் முகவரியிலும் கேட்டு வாங்குங்கள். இங்கிருந்து பணம் அனுப்பும்போது பொருந்தும் வரிகளுக்கு உங்கள் தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுங்கள்.

பேட்டி தருபவரின் முகமும் குரலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகின்றன. அதோடு, ஒருவரின் உருவத்தை அவரது ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை இத்தாலியின் 1941ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. ‘லிபெராத்தோரியா’ எனப்படும் ஒப்புதல் படிவத்தில், கேமராவை இயக்குவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். பேட்டி முடிந்து வாடிக்கையாளர் விமானம் ஏறிய பிறகு அதைப் பெறுவது மிகவும் சிரமம். கண்காட்சி நிர்வாகத்தின் ஒளிப்பதிவு விதிகளை முன்கூட்டியே கேட்டுப் படியுங்கள். பக்கத்து அரங்கின் தோல் மாதிரிகள் சட்டகத்தின் ஓரத்தில்கூட விழாமல் பார்த்துக்கொள்வது தொழில் நாகரிகம். வரும் பருவத்தின் நிறமும் வேலைப்பாடும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய இரகசியம் என்பது உங்களுக்கே தெரியும். பேட்டிக்குச் சட்டையில் பொருத்தும் மைக் கட்டாயம் வேண்டும். கண்காட்சிக் கூடத்தின் இரைச்சலில் கேமராவின் சொந்த மைக்கால் பயனில்லை.

படத்தின் தொடக்கத்துக்கு ஒரு அரண்மனையையோ அருங்காட்சியகச் சிலையையோ காட்டலாமே என்று ஒளிப்பதிவாளர் சொல்லக்கூடும். குடும்பத்தின் சொந்த நினைவுக்கு எடுப்பது வேறு, வணிகப் படத்தில் பயன்படுத்துவது வேறு. 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் செல்வச் சட்டத்தின்படி, அரசுப் பாதுகாப்பில் உள்ள கலைச் செல்வங்களை வணிக நோக்கில் படமெடுக்க அனுமதியும் கட்டணமும் தேவை. அதை யார் பெறுவது, யார் செலுத்துவது என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக்குங்கள்.

உரிமை பற்றிய உங்கள் கேள்விதான் பலர் கேட்கத் தவறுவது. பணம் கொடுத்ததாலேயே எல்லா உரிமையும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். படத்தை எந்தெந்தத் தளங்களில், எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம், பின்னாளில் வெட்டிச் சுருக்கலாமா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ‘ஜிராத்தோ’ எனப்படும் வெட்டாத மூலப் பதிவுகள் பெரும்பாலும் விலையில் சேர்வதில்லை. அடுத்த ஆண்டு அதே காட்சிகளை வைத்து வேறு படம் தொகுக்க எண்ணினால், அவற்றுக்கும் இப்போதே விலை பேசுங்கள்.

கேள்வி: விருந்தில் தமிழ்த் திரைப்பாடல் ஒலிபரப்பினால் அனுமதி வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டும். திருமண விருந்துக்கான இசை அனுமதியை இத்தாலிய எழுத்தாளர், பதிப்பாளர் சங்கமான சியே வழங்குகிறது; வில்லா நிர்வாகமோ திருமண ஏற்பாட்டாளரோ உங்கள் பெயரில் பெற்றுத் தருவார்கள். ஆனால் அது அன்றைய இரவு பாடலை ஒலிக்கவிடுவதற்கு மட்டும். அதே பாடலை ஒளிப்பதிவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது தனி உரிமை; அது இல்லையென்றால் ஒலி முடக்கப்படலாம். நாதஸ்வரம், தவில் கலைஞர்கள் நேரில் வாசித்ததை அவர்களின் ஒப்புதலோடு சேர்ப்பது எளிது, படத்துக்கும் அதுவே அழகு.

கேள்வி: ட்ரோன் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். – ஒரு வாசகர்

பதில்: ஐரோப்பிய விதிகளின்படி எளிய வகைப் பறப்பில் உயரம் 120 மீட்டரைத் தாண்டக் கூடாது, கூட்டத்துக்கு மேல் பறக்கவே கூடாது. எனவே விருந்தினர் தலைக்கு மேல் ட்ரோன் சுற்றும் காட்சியை எதிர்பார்க்காதீர்கள். ஏரியும் வில்லாவும் தெரியும் காட்சியைக் காலையில், ஆட்கள் கூடுவதற்கு முன் எடுத்துவிடலாம். இயக்குபவர் இத்தாலியில் ட்ரோன் பதிவுக்கான டி-ஃபிளைட் தளத்தில் பதிவு செய்தவரா, காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேட்டு, இரண்டு ஆவணங்களின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவை இல்லையென்றால் ட்ரோன் பெட்டியிலேயே இருக்கட்டும்.