உடல் பருமனோடு ரத்தக் கொழுப்பும் கூடினால் உணவுக் கட்டுப்பாடா, ஊசியா?

ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு ஆகியவை அளவுக்கு மேல் இருப்பதைத்தான் ரத்தக் கொழுப்பு அதிகம் என்கிறோம். பருமனானவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் ஏறுவது டிரைகிளிசரைடு. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாததால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு கசிந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைப் பொட்டலம் கட்டி ரத்தத்திலேயே திருப்பி விடுகிறது.

நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உணவுக் கட்டுப்பாடு குழாயை மூடுவது. சர்க்கரை, மது, மாவுச்சத்தைக் குறைத்து எடையில் 5 முதல் 10 சதவீதம் இறக்கினாலே டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும். எல்டிஎல் அவ்வளவு இறங்காது. பரம்பரையாக வந்ததென்றால் இன்னும் கடினம். இதற்காக யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

ஊசி, வடிகாலை அகலமாக்குவது. கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளை பிசிஎஸ்கே9 என்ற புரதம் அழிக்கிறது. எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் அந்தப் புரதத்தைத் தடுப்பதால் எல்டிஎல் ஏறத்தாழ பாதிக்கு மேல் குறையும். பொதுவாக எல்டிஎல்லைக் குறைக்க முதலில் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரை போதாதபோது, அல்லது ஒத்துக்கொள்ளாதபோதுதான் மருத்துவர் இதற்குப் போவார். செமாக்ளுடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசி வேறு வகை: அது பசியைக் குறைத்து, உணவு வழியாகவே வேலை செய்கிறது.

“ஊசி போட்டாச்சு, இனி எதையும் சாப்பிடலாம்” என்பது தவறு: எல்டிஎல் ஊசி எடையைக் குறைக்காது, டிரைகிளிசரைடையும் பெரிதாகத் தொடாது.