ஆஞ்சியோ பயத்துக்கு ஹிப்னாசிஸ் உதவுமா?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அம்மாவுக்குக் கால் ரத்தக்குழாயில் ஆஞ்சியோ (மெல்லிய குழாயை உள்ளே விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது). மரத்துப்போகும் ஊசி மட்டும்தானாம். பயத்தில் நடுங்குகிறார், ஹிப்னாசிஸ் உதவுமா?

உதவும். ஆனால் சினிமாவில் வருவதுபோல் சங்கிலியை ஆட்டித் தூங்கவைக்கும் வேலை இல்லை. நினைவு முழுக்க இருக்கும். கவனம் மட்டும் வேறிடத்துக்குப் போய்விடும். 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ரத்தக்குழாய், சிறுநீரகச் சிகிச்சைக்கு வந்த 241 பேரைப் பார்த்தார்கள். ஹிப்னாசிஸ் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

சரி, எப்படிச் செய்வது? கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டு, பிடித்த இடத்துக்கு மனதால் போகவேண்டும். எந்த இடம் என்று அம்மாவிடமே கேளுங்கள். காவிரிப் படித்துறையில் காலை நனைத்து உட்கார்ந்த மாலையா, குறுவை நடவு முடிந்த வயலா? தண்ணீரின் குளிர்ச்சி, சேற்று வாசனை, தவளைச் சத்தம் என்று ஒவ்வொன்றாக அவரே உணரட்டும். (படித்துறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர் என்றால் வயலே போதும்!)

அப்புறம், ஊசி போடும்போது "கொஞ்சம் வலிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். ஆறுதலுக்குச் சொன்னாலும் அது வலியைத்தான் நினைவூட்டும்.

இதை நம்பி மரத்துப்போகும் ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இது அதற்குத் துணைதான். முன்கூட்டியே டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.