கட்டாய ஆப்ஷன் விடுபட்டால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும்: கேள்வி பதில்

கேள்வி: பாஷ் ஷெல் ஸ்கிரிப்டில், கமாண்டோடு வரும் ஆப்ஷன்களைப் படிக்கும் கெட்ஆப்ட்ஸ் வரியில் எஃப் எழுத்துக்குப் பின்னால் கோலன் போட்டிருக்கிறேன். ஆனாலும் -எஃப் கொடுக்காமல் ஓட்டினால் எந்த எர்ரரும் வருவதில்லை. ஏன் சார்?

பதில்: அந்தக் கோலன் சொல்வது வேறு. '-எஃப் வந்தால் அதோடு ஒரு மதிப்பும் வர வேண்டும்' என்பதோடு அதன் வேலை முடிந்தது. -எஃப் வந்தே தீர வேண்டும் என்று சொல்ல கெட்ஆப்ட்ஸில் வழியே கிடையாது. பெர்ல் மொழியில் இதே வேலையைச் செய்யும் கெட்ஆப்ட் லாங்கில் '=எஸ்' போடுவதும் இதே கதைதான். மதிப்பு கட்டாயமா, ஆப்ஷன் கட்டாயமா என்ற இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவதை நாம்தான் சோதிக்க வேண்டும். கெட்ஆப்ட்ஸ் ஓடும் லூப்புக்கு முன்னால், -எஃப்பின் மதிப்பை வைக்கும் வேரியபிளை வெறுமையாக்குங்கள். லூப் முடிந்ததும், இன்னும் வெறுமையாகவே இருக்கிறதா என்று -இசட் போட்டுப் பாருங்கள். வெறுமை என்றால் எர்ரர் செய்தியை ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு அனுப்பிவிட்டு, தோல்வி என்று காட்டும் எக்சிட் 2 போட்டு வெளியேறுங்கள். முதல் படியை விட்டுவிடாதீர்கள். அதே பெயரில், ஸ்கிரிப்டுக்கு வெளியே ஏற்கெனவே வைத்த என்விரான்மென்ட் வேரியபிள் ஏதாவது இருந்தால் அதன் மதிப்பு உள்ளே வந்துவிடும், சோதனையும் பாஸ் ஆகிவிடும். கொடுக்காத ஃபைலில் ஸ்கிரிப்ட் கை வைக்கும்.

கேள்வி: வேரியபிள் பெயருக்குப் பின்னால் ':?' போட்டு ஒரே வரியில் முடிக்கலாமே?

பதில்: முடிக்கலாம். வெறுமையாக இருந்தால் ஷெல்லே செய்தியைக் காட்டி ஸ்கிரிப்டை நிறுத்தும். நீங்கள் மட்டும் ஓட்டும் சின்ன ஸ்கிரிப்டுக்கு அது போதும். மற்றவர்கள் ஓட்டுவதென்றால் எனக்கு அதில் திருப்தி இல்லை. செய்தியில் வேரியபிள் பெயரும் வரி எண்ணும்தான் முன்னால் நிற்கும். ஓட்டுபவருக்குத் தேவை ஆப்ஷனின் பெயர். மூன்று ஆப்ஷன் விடுபட்டிருந்தாலும் முதலாவதை மட்டும் சொல்லி நின்றுவிடும். விடுபட்டது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: '-எஃப் -என்' என்று மதிப்பை மறந்து ஓட்டிவிட்டார்கள். கெட்ஆப்ட்ஸ் ஒன்றுமே சொல்லவில்லை.

பதில்: சொல்லாது. அடுத்து வந்த '-என்' என்பதையே எஃப்பின் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். வெறுமைச் சோதனையும் இதைப் பிடிக்காது. மதிப்பு ஹைபனில் தொடங்கினால் மறுத்துவிடுங்கள். ஹைபனில் தொடங்கும் ஃபைல் உண்மையிலேயே இருந்தால் முன்னால் './' சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம். பைதானில் ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் இந்த இடத்தில் தானாகவே எர்ரர் காட்டும்.

கேள்வி: பைதானில் எப்படி?

பதில்: ஆர்க்பார்ஸில் ஆப்ஷனைச் சேர்க்கும்போது 'ரிக்வயர்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும். விடுபட்டவற்றை ஒன்றாகப் பட்டியலிட்டு, யூசேஜையும் (எப்படி ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு) காட்டி, 2 என்ற எண்ணோடு வெளியேறும். அதே ஆப்ஷனுக்கு டீஃபால்ட்டும் கொடுக்காதீர்கள்; அது ஒருபோதும் பயன்படாது.

இரண்டில் ஒன்று கட்டாயம் என்றால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் ஏற்கும் மியூச்சுவலி எக்ஸ்க்ளூசிவ் குரூப் ஒன்றை உருவாக்கி, அந்த குரூப்பையே ரிக்வயர்ட் ஆக்குங்கள். '--அப்லோட் கொடுத்தால் --சர்வரும் வேண்டும்' போன்ற நிபந்தனைகளை மட்டும் பார்ஸ் செய்த பிறகு நீங்களே சோதித்து, பார்சரின் 'எர்ரர்' மெத்தடை அழைக்க வேண்டும். அப்போது 'இஃப் நாட்' என்று எழுதிவிடாதீர்கள். எண்ணாக மாற்றி வாங்கும் ஆப்ஷனுக்கு யாராவது 0 கொடுத்தால் அதையும் 'கொடுக்கவில்லை' என்றே எடுத்துக்கொள்ளும். மதிப்பே இல்லை என்று காட்டும் 'நன்' ஆக இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கேள்வி: பாஷ் ஸ்கிரிப்டில் -ஹெச் போட்டு ஹெல்ப் கேட்டாலும் 'ஃபைல் கொடுக்கவில்லை' என்கிறதே?

பதில்: ஸ்கிரிப்டில் சோதனை முன்னால் வந்துவிட்டது. ஹெல்ப் லூப்புக்குள்ளேயே யூசேஜைக் காட்டி, வெற்றி என்று காட்டும் 0 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும்.

கேள்வி: பாஸ்வேர்டையும் கட்டாய ஆப்ஷனாக வைக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம். கமாண்ட் லைனில் கொடுத்தது ஷெல் ஹிஸ்டரியில் தங்கும். பல மெஷின்களில் அது ஓடும் நேரத்தில், ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில் மற்ற பயனர்களுக்கும் தெரியும். பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைலின் பாதையைக் கட்டாயமாக்குங்கள்.

கேள்வி: விடுபட்டால் எர்ரர் காட்டாமல், 'என்ன ஃபைல்?' என்று ஸ்கிரிப்டே கேட்டு வாங்கினால் நல்லதுதானே?

பதில்: எதிரில் ஆள் இருந்தால் நல்லதுதான். மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல்லில் மேண்டேட்டரி (கட்டாயம்) என்று குறித்த பாராமீட்டர் விடுபட்டால் அப்படித்தான் கேட்கும். ஆனால் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடும்போது பதில் சொல்ல ஆள் கிடையாது. வெற்று மதிப்போடு மேலே போகலாம், வேறு சூழலில் அப்படியே தொங்கியும் நிற்கலாம். ஸ்டாண்டர்ட் இன்புட் டெர்மினல்தானா என்று '-டி 0' போட்டுப் பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் எர்ரர்தான் சரி.

கேள்வி: எனக்குக் கட்டாயமானது ஒரே ஒரு ஃபைல் பெயர்தான். இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை. ஆப்ஷனே வேண்டாம், ஹைபன் இல்லாத ஆர்குமென்டாக வாங்குங்கள். ஃபைலுக்குள் தேடும் கிரெப் கமாண்ட், தேட வேண்டிய பேட்டர்னை அப்படித்தான் வாங்குகிறது. ஒரே வகையான இரண்டு மதிப்புகள் வந்து, வரிசை மாறினால் டேட்டா அழியும் என்ற நிலை இருந்தால் மட்டும் --சோர்ஸ், --டார்கெட் என்று பெயரோடு கட்டாயமாக்குங்கள்.